மக்கும் குப்பையின் எடையும் நாள்தோறும் அச்சில் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரக் குப்பை பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளை ஒன்றுவிடாமல் படித்து வருகிறேன். குப்பைக் கிடங்கு தீப்பிடித்தால் படம் வருகிறது. புதிய வண்டிகளைக் கொடியசைத்துத் தொடங்கிவைத்தாலும் படம் வருகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே அன்றாடம் காலையில் நம் தெருமுனையில் நடக்கும் ஒரு காரியம் மட்டும் செய்தியாவதே இல்லை. வீட்டில் பிரித்துக் கொடுத்த குப்பை தெருமுனையில் மறுபடியும் ஒன்றாகக் கலக்கப்படுகிறது. முப்பதாண்டுகளுக்கு மேல் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில், நகரங்களின் குப்பைச் சிக்கலுக்கு வேர் இந்தக் கலப்பில்தான் இருக்கிறது என்று உறுதியாகக் கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் ஊரின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஏதோ ஒரு நகராட்சியைச் சுட்டிக் குறை சொல்வது என் நோக்கமன்று. இதைப் படிப்பவர்களில் பலர் தங்கள் தெருவிலும் இதையே கண்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் பச்சைக் கூடை ஒன்றும் நீலக் கூடை ஒன்றும் ஏழாண்டுகளாக இருக்கின்றன. காய்கறித் தோல், மிஞ்சிய சோறு, தேயிலைச் சக்கை, சாமி படத்திலிருந்து எடுத்த வாடிய பூ எல்லாம் பச்சைக் கூடைக்குப் போகும். பால் கவர், அட்டைப்பெட்டி, பாட்டில் எல்லாம் நீலக் கூடைக்குப் போகும். பால் கவரைக் கழுவி, துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்த பிறகே என் மருமகள் கூடையில் போடுவாள். பக்கத்து வீட்டார் முதலில் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அவர்கள் வீட்டுக் கொடியிலும் பால் கவர்கள் தொங்கின.

சென்ற சித்திரை மாதத்தில் ஒரு நாள், வழக்கம்போல் விசில் ஊதிக்கொண்டு வந்த பேட்டரி வண்டியில் இரண்டு கூடைகளையும் கொடுத்தேன். தூய்மைப் பணியாளரான அந்த அம்மாள் அவற்றைத் தனித்தனித் தொட்டிகளில் ஒழுங்காகக் கொட்டினார். அரை மணி நேரம் கழித்து வங்கிக்குப் புறப்பட்ட நான், அதே வண்டி தெருமுனையில் காம்பாக்டர் லாரியின் அருகே நிற்பதைக் கண்டேன். பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் ஒன்றன்பின் ஒன்றாக லாரியின் ஒரே வாய்க்குள் கவிழ்க்கப்பட்டன. இரும்புத் தகடு இறங்கி அழுத்தியது. அடியிலிருந்து கறுப்புச் சாறு வழிந்து தார்ச்சாலையில் நீளமாகக் கோடு போட்டது. கழுவிக் காயவைத்த பால் கவர்கள் குழம்புச் சோற்றோடு சேர்ந்து நசுங்கி உள்ளே போவதை நான் நின்று பார்த்தேன். என்னைக் கண்டுகொண்ட அந்த அம்மாள், “பிரிச்சுக் குடுங்கன்னு வீடு வீடா சொல்றதும் நான்தான் டீச்சர். இங்க வந்து ஒண்ணாக் கொட்டுறதும் நான்தான். வர்றது ஒரே லாரி. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க?” என்று கேட்டார். அவர் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவருக்கு மேலே இருக்கிறார்கள்.

இந்தக் கலப்பினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்காக, வகுப்பில் பலமுறை சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். காய்கறிக் கழிவு தன்னளவில் கெட்ட பொருளன்று. காற்றுப் புகும்படி வைத்து, இடையிடையே சருகோ தேங்காய் நாரோ போட்டு, அவ்வப்போது கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதங்களில் மண்வாசனை வீசும் உரமாகிவிடும். அதே கழிவைப் பிளாஸ்டிக் பைகளோடு சேர்த்து, காற்றுக்கு வழியில்லாமல், மலைபோல் குவித்துவைத்தால் அங்கே வேறு வேதியியல் நடக்கும். காற்றில்லாமலே வாழும் நுண்ணுயிரிகள் அதைச் சிதைத்து மீத்தேன் வாயுவை உண்டாக்கும். இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கக் கூடிய வாயு அது. எளிதில் தீப்பற்றவும் கூடியது. குவியலுக்குள் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். கோடையில் ஒரு பொறி போதும்; மேலே தண்ணீரைப் பீய்ச்சினாலும் உள்ளே நாட்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மழை பெய்தால் அழுகிய சாறு, பழைய பேட்டரியிலும் பெயிண்ட் டப்பாவிலும் உள்ள உலோகங்களைக் கரைத்துக்கொண்டு நிலத்தடி நீருக்கு இறங்கும். நாற்றம், ஈ, தீ, கெட்டுப்போன கிணறு என்று குப்பைமேட்டின்மீது நாம் சொல்லும் புகார்கள் எல்லாவற்றுக்கும் மூலம் அதற்குள் புதைந்த ஈரக் குப்பைதான். நம் நாட்டு நகரக் குப்பையில் ஏறத்தாழப் பாதி இந்த வகைதான் என்பதால், அந்தப் பாதியைத் தனியே எடுத்துவிட்டால் மீதி உலர்ந்த பாதியிலிருந்து காயலான் கடைக்குப் போகக்கூடிய சரக்கை எளிதாக எடுத்துவிடலாம்.

இந்தியாவில் நாளொன்றுக்குச் சுமார் 1.6 லட்சம் டன் நகரக் குப்பை சேர்வதாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கைகள் கூறுகின்றன. சென்னையில் மட்டும் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் சேர்கிறது. வடக்கு மண்டலங்களின் குப்பை கொடுங்கையூருக்கும் தெற்கு மண்டலங்களின் குப்பை பெருங்குடிக்கும் பல பத்தாண்டுகளாகப் போய்க்கொண்டிருக்கிறது. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மடியிலேயே அமைந்திருக்கிறது. 2022-ஆம் ஆண்டு அந்தச் சதுப்பு நிலம் ராம்சர் பட்டியலில் இடம்பெற்று உலக அளவில் பாதுகாக்கப்பட வேண்டிய நீர்நிலை என்று சிறப்பிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில் பெருங்குடிக் கிடங்கு தீப்பற்றிப் பல நாட்கள் எரிந்தது. பூநாரைகள் இறங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே புகை மண்டியிருந்ததைச் செய்திப் படங்களில் பார்த்தபோது எனக்கு நெஞ்சு பதறியது.

கொடுங்கையூரை நான் படத்தில் மட்டும் பார்த்தவளல்லள். என் மகள் திருமணமாகிச் சென்றது அந்தப் பக்கத்தில்தான். அவள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் கட்டடங்களுக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு மேடு தெரியும். அதற்கு மேலே பருந்துகள் வட்டமிட்டபடியே இருக்கும். பேரன் சிறு குழந்தையாக இருந்தபோது அதை மலை என்றே நினைத்திருந்தான். மழை விட்ட மறுநாள் காலையில் அங்கே தட்டில் இட்லி வைத்தால் ஒரு கையால் ஈ ஓட்டிக்கொண்டுதான் மறு கையால் சாப்பிட வேண்டும். மாலையில் காற்றுத் திசை மாறினால் சொல்லிவைத்தாற்போல் தெருவில் எல்லா வீட்டுச் சன்னல்களும் சாத்தப்படும். விருந்தினரை எந்த நேரத்தில் அழைப்பது என்பதைக்கூட அங்கே உள்ளவர்கள் காற்றைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலைகள், எண்ணூரின் அனல்மின் நிலையங்கள், அவற்றின் சாம்பல் என்று ஊரார் நலனுக்கான சுமைகள் அனைத்தையும் ஏற்கெனவே சுமக்கும் வடசென்னை மக்கள், நகரத்தின் எச்சில் இலையையும் சுமக்கிறார்கள்.

அந்த மேட்டைப் பயோமைனிங் முறையில், அதாவது பழங்குப்பையைத் தோண்டிச் சலித்து வகைவகையாகப் பிரிக்கும் முறையில், அகற்றும் பணி இப்போது நடந்து வருகிறது. சுமார் 250 ஏக்கரில் குவிந்துள்ள 66 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட பழங்குப்பைக்கு ஏறத்தாழ 640 கோடி ரூபாய் செலவிடப்படுகிறது. நல்ல பணி, மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஒரு கணக்கை யாரேனும் போட்டுப் பார்க்க வேண்டும். மண், பிளாஸ்டிக், கல், துணி என்று ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போன பழங்குப்பையை இயந்திரம் வைத்துச் சலித்துப் பிரிப்பதற்கு ஒரு டன்னுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் ஆகிறது. என் மருமகள் அடுப்பங்கரையில் காசு வாங்காமல் பிரித்துக் கொடுத்ததைத் தெருமுனையில் கலந்துவிட்டு, பிறகு அதே வேலைக்குக் கோடிக்கணக்கில் பொதுப்பணம் கொடுக்கிறோம். ஒரு பக்கம் பழைய மலையைக் கரைத்துக்கொண்டே மறுபக்கம் கலந்த குப்பையை லாரி லாரியாகக் கொண்டுபோய்க் கொட்டினால், இதே செலவுக்கு அடுத்த தலைமுறையும் டெண்டர் விட வேண்டியிருக்கும்.

கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் பெரிய உலையை அமைக்கும் திட்டமும் முன்வைக்கப்பட்டுள்ளது. அதை எதிர்த்து 2025 மே மாதத்தில் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலி அமைத்தார்கள். அவர்களை வளர்ச்சிக்குத் தடையானவர்கள் என்று சிலர் பேசியது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. ஈர விறகை வைத்து அடுப்பு மூட்டிப் பார்த்த எந்தத் தாய்க்கும் தெரிந்த உண்மையைத்தான் அவர்கள் சொல்கிறார்கள். நம்முடைய கலந்த குப்பையில் ஈரம் மிகுதி. எரியும் பொருளின் வெப்பத்தில் பெரும்பங்கு அந்த ஈரத்தை ஆவியாக்கவே செலவாகிவிடும். வெப்பம் போதாமல் உலை தணிந்து எரியும்போதுதான், குறிப்பாகப் பி.வி.சி. போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக்குகள் அதில் இருக்கும்போது, டையாக்சின் என்னும் கொடிய நச்சு உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. எரித்து முடித்த பிறகும் சாம்பல் எஞ்சும். அதிலும் புகைபோக்கியில் பிடிபடும் நுண்சாம்பல் நச்சுத்தன்மை வாய்ந்தது. அதற்கும் ஓர் இடம் தேட வேண்டும். டெல்லியின் ஓக்லாவில் 2012 முதல் இயங்கிவரும் எரி உலையைச் சுற்றி வாழும் மக்கள் நீதிமன்றப் படிகளில் ஏறியது எல்லோரும் அறிந்ததே. இவை எல்லாவற்றையும்விட என்னை அச்சுறுத்துவது வேறொன்று. பல நூறு கோடி போட்டுக் கட்டிய உலைக்கு நாள்தோறும் தீனி வேண்டும். அப்படியொரு உலை எழுந்துவிட்டால், குப்பையைக் குறைக்கவும் பிரிக்கவும் வேண்டும் என்ற எண்ணமே நிர்வாகத்துக்கு எதிரானதாகிவிடும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1994-இல் சூரத் நகரில் பிளேக் நோய் பரவி நாட்டை உலுக்கிய பின், 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடரப்பட்ட பொதுநல வழக்கின் விளைவாக 2000-ஆம் ஆண்டில் நகரத் திடக்கழிவு விதிகள் வந்தன. குப்பையைப் பதப்படுத்தும் வசதிகளை 2003 டிசம்பருக்குள் எல்லா நகரங்களும் அமைத்துவிட வேண்டும் என்று அவ்விதிகள் கெடு வைத்தன. 2016-ஆம் ஆண்டு விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயக் குப்பை என மூன்றாகப் பிரித்துக் கொடுப்பதை ஒவ்வொரு குடும்பத்தின் கடமையாக்கின. பிரித்ததைப் பிரித்தபடியே கொண்டுசெல்வதை உள்ளாட்சியின் கடமையாக்கின. முதல் பாதியைத்தான் விளம்பரப் பலகைகளில் பார்க்கிறோம்.

மலை சரிந்த ஊர்களின் கதையும் நமக்குத் தெரியும். 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்பு மீத்தொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியதில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு மார்ச்சில் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்டோர் புதையுண்டனர். செப்டம்பரில் டெல்லி காஜிப்பூரில் மேடு சரிந்து இருவர் உயிரிழந்தனர். மூன்று இடங்களிலும் இறந்தவர்கள் அந்தக் குப்பையைப் பெரிதாக உண்டாக்கியவர்களல்லர்.

மாற்று வழி எங்கோ வெளிநாட்டில் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் 2017 முதல் ஆண்டுக்கு ஆண்டு தூய்மை நகரப் பட்டியலில் முதலிடம் பெற்றது சாலையைப் பளபளப்பாகப் பெருக்கியதனால் மட்டுமன்று. அங்கே வண்டியிலேயே குப்பை வகைவகையாகப் பிரிந்து ஏறுகிறது. பிரிக்காமல் கொடுத்தால் வாங்க மறுக்கிறார்கள். அப்படியே தனித்தனியாகக் கடைசிவரை போகிறது. 2022 பிப்ரவரியில் அங்கே தொடங்கப்பட்ட சாண எரிவாயு போன்ற உயிரி எரிவாயு ஆலை நாளொன்றுக்கு 550 டன் ஈரக் குப்பையைக் கையாளும் திறன் கொண்டது. பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் கலந்த குப்பையை ஊட்டினால் அந்த ஆலை ஓடாது என்பதை நாம் கவனிக்க வேண்டும். பிரித்தல் அங்கே முதலில் வந்தது. ஆலை பிறகு வந்தது. அண்டை மாநிலமான கேரளத்தில், 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் கிடங்கு எரிந்து நகரமே ஏறத்தாழப் பன்னிரண்டு நாட்கள் புகையில் மூழ்கிய பிறகு, ஹரித கர்ம சேனை எனப்படும் மகளிர் குழுக்கள் வீடு வீடாகச் சென்று மக்காத குப்பையை வாங்கும் முறை மேலும் இறுக்கமாக நடைமுறைக்கு வந்தது. மக்கும் குப்பையைக் கூடியவரை வீட்டிலேயே உரமாக்கிவிட வேண்டும் என்பது அவர்கள் வைத்த ஒழுங்கு. தமிழ்நாட்டிலும் மக்கும் குப்பையை உரமாக்கும் சிறு மையங்கள் பல இடங்களில் கட்டப்பட்டன. தொட்டி, கூரை, அரைக்கும் இயந்திரம் எல்லாம் இருக்கின்றன. பிரிந்து வந்து சேரும் ஈரக் குப்பைதான் போதவில்லை.

கல்யாண மண்டபங்களையும் இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. முகூர்த்த நாளில் ஒரு மண்டபத்தின் பின்வாசலில் நின்று பாருங்கள். ஆயிரம் வாழை இலை, பாதி தின்ற லட்டு, வாளி நிறையச் சோறு. அவற்றோடு பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களும் காகிதக் கோப்பைகளும் ஒரே குவியலாகக் கிடக்கும். நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் எவரும் பெருமளவில் குப்பை சேர்ப்போர் என்று 2016 விதிகள் வகுத்தன. மக்கும் பகுதியைக் கூடியவரை தம் வளாகத்திலேயே பதப்படுத்த வேண்டும் என்றும் கூறின. வாழை இலையைப் போல் எளிதாக மக்குவது வேறில்லை. அதை லாரியில் ஏற்றிப் பதினைந்து கிலோமீட்டர் கொண்டுபோய்ப் பிளாஸ்டிக்கோடு புதைப்பது எந்த வகையில் நியாயம்? மண்டபங்களுக்கும் பெரிய ஓட்டல்களுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் இதைக் கட்டாயமாக்கினால், தனி வீடுகளின் வாசலைத் தொடும் முன்னரே சுமையில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

தூய்மைப் பணியாளர்களைப் பற்றிப் பேசாமல் குப்பையைப் பற்றிப் பேச முடியாது. மேலே நான் குறிப்பிட்ட அந்த அம்மாளின் வலக்கை உள்ளங்கையில் ஒரு நீண்ட தழும்பு உண்டு. யாரோ அரிசிப் பையில் சோற்றோடு சேர்த்துக் கட்டிப் போட்ட உடைந்த டியூப் லைட் கிழித்தது. நாப்கினையும் குழந்தையின் டயப்பரையும் காகிதத்தில் சுற்றித் தனியே கொடுக்காமல் மற்றக் குப்பையோடு திணிக்கிறோம்; அதைத் தம் கையால் எடுத்துப் பிரிக்க வேண்டியவர் அவர். பிரித்துக் கொடுப்பதைச் சுற்றுச்சூழல் சேவை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். முதலில் அது எதிரே நிற்கும் ஒரு மனுஷியின் கைக்கு நாம் காட்ட வேண்டிய மரியாதை.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். குப்பை அள்ளும் ஒப்பந்தங்களில், கிடங்குக்குக் கொண்டுபோய்க் கொட்டும் எடைக்குப் பணம் என்று எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் கலப்பு ஒருநாளும் நிற்காது. ஈரமான குப்பை கனமானது. கலந்து கொட்டினால் எடை கூடும், கூலி கூடும். பிரித்தவர் நட்டமடைவார். இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும். உர மையத்துக்கோ எரிவாயு ஆலைக்கோ சுத்தமாகப் பிரிந்து வந்து சேர்ந்த மக்கும் குப்பையின் எடைக்கு உயர்ந்த கட்டணமும், கிடங்குக்குப் போகும் கலப்புக் குப்பைக்குக் குறைந்த கட்டணமும் என்று ஒப்பந்தத்தில் எழுதினால், தெருமுனைக்கு இரண்டாவது லாரி தானாக வந்து நிற்கும். பணியாளர்களுக்கும் அதில் ஒரு பங்கு ஊக்கத்தொகையாகப் போக வேண்டும். இதற்குப் புதிய தொழில்நுட்பமோ வெளிநாட்டுக் கடனோ தேவையில்லை. எடைமேடைகள் ஏற்கெனவே இருக்கின்றன. அங்கே எந்த எண்ணைக் குறித்துக்கொள்வது என்பதை மாற்றினால் போதும்.

அந்த எண்ணை மக்களும் அறிய வேண்டும். மேட்டூர் அணையின் நீர்மட்டத்தையும் நீர்வரத்தையும் தாங்கள் நாள்தோறும் வெளியிடுகிறீர்கள். அணையைக் கண்ணால் பார்த்திராத டெல்டா விவசாயி அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் நாற்றங்கால் பற்றி யோசிக்கிறார். நீர் திறப்பு தாமதமானால் அதே எண்ணைக் காட்டிக் கேள்வி கேட்கிறார். அதைப் போலவே ஒவ்வொரு மாநகராட்சியிலும் நகராட்சியிலும் நேற்றுச் சேர்ந்த மொத்தக் குப்பை எவ்வளவு, அதில் பிரிந்து உர மையத்தை அடைந்த மக்கும் குப்பை எவ்வளவு, கலந்தபடி கிடங்குக்குப் போனது எவ்வளவு என்ற மூன்று எண்களை, முடிந்தால் வார்டு வாரியாக, தங்கள் மாவட்டப் பக்கத்தில் வாரம் ஒருமுறையாவது வெளியிட வேண்டுகிறேன். உள்ளாட்சிகள் தரத் தயங்கினால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துப் பெற எங்களைப் போன்ற ஓய்வுபெற்றவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறோம். எங்கள் நகராட்சியின் எண்களைக் கேட்டு நான் எழுதிய விண்ணப்பத்தின் நகலை இக்கடிதத்தோடு இணைத்துள்ளேன். பதில் வந்ததும் அதையும் தங்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை ஒருவர்